படிப்பு எங்கே ஓடிப்போகும்?



"படிப்பு எங்கே ஓடிப்போகும்? முதலில் பிள்ளை சீருடை போடட்டும், நாட்டுக்குச் சேவை செய்யட்டும், ஒழுங்கு வரட்டும். பிறகு படித்துக்கொள்ளலாம்!"

இந்தப் பேச்சு கிள்ளான் பள்ளத்தாக்கில் மீண்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் கேட்கிறது. கிள்ளானில் கோயில் மண்டபங்களில் கேட்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பொருளறிக்கை வாசித்து முடித்த பிறகு, தேநீர்க் குவளையோடு நிற்கும் பெரியவர்கள் வாயிலும் கேட்கிறது. சொல்கிறவர்கள் தீயவர்கள் அல்லர். நம் பிள்ளைகள் மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள்தாம். ஆயினும் அவர்கள் சொல்வது தவறு. அதிலும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அது தீங்கு விளைவிக்கும் தவறு. மரியாதை கருதி இதுவரை வாய்மூடி இருந்தவர்களுள் நானும் ஒருவன். இனி அப்படி இருப்பதற்கில்லை.

முதலில் செய்தியைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நம் நாட்டில் தேசிய சேவை என்பது புதியதன்று. அவசரகாலத்தில், 1952ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேய ஆட்சி தேசிய சேவைக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் நம் தலைமுறைப் பெற்றோர் நினைவில் நிற்பது 2003ஆம் ஆண்டின் தேசிய சேவைப் பயிற்சிச் சட்டமே. 2004ஆம் ஆண்டில் ஏறத்தாழ 85,000 இளையோர் முகாம்களுக்கு அழைக்கப்பட்டனர். பதினெட்டு வயது, மூன்று மாதப் பயிற்சி, கணினி வழித் தேர்வு. பெயர் வந்தும் செல்லாதவருக்கு 3,000 வெள்ளி வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. வராதவர்கள் மீது வழக்கும் தொடுக்கப்பட்டது.

பின்னர் 2015ஆம் ஆண்டில், 40 கோடி வெள்ளியை மிச்சப்படுத்துவதற்காக அரசாங்கம் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. 2016இல் மாற்றங்களோடு மீண்டும் தொடங்கியது. 2018இல் ஆட்சி மாறியதும் முற்றாகக் கைவிடப்பட்டது. இப்போது மூன்றாவது வடிவம். 2025 ஜனவரியில் கோலாலம்பூர் அஸ்கார் வத்தானியா முகாமில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. நாற்பத்தைந்து நாள் பயிற்சி. பெரும்பகுதி அடிப்படை இராணுவப் பயிற்சி, மீதி நாட்டுடைமை உணர்வு பற்றிய பாடங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 2015இல் என்ன நடந்தது என்பதை மீண்டும் பாருங்கள். நாடே தன் சிக்கனத்தை முன்னிட்டுத் தேசிய சேவையை ஓராண்டு தள்ளிவைத்தது! அப்போது எவரும் அரசாங்கத்திற்கு நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லவில்லை. வரவு செலவு பார்த்துச் செய்த முடிவு என்று ஏற்றுக்கொண்டோம். அரசாங்கத்திற்கு உள்ள அந்த உரிமை, ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு மட்டும் இல்லையா? தன் பிள்ளையின் கல்வி வரவு செலவைப் பார்த்து, "இப்போது படிப்பு, சேவை பிறகு" என்று அவள் சொன்னால் அது மட்டும் தேசத் துரோகமா?

நாற்பத்தைந்து நாள் முகாமை நான் எதிர்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் அப்படியொரு முகாம் அமைந்தால், பிள்ளைக்கும் விருப்பமிருந்தால், தாராளமாகப் போகட்டும். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, தன் துணியைத் தானே துவைத்து, பேராக்கிலிருந்தும் கிளந்தானிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் படுத்து எழுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. கைப்பேசியைச் சிறிது காலம் மறந்திருந்தால் அதுவே ஒரு பயன்தான்! நான் எதிர்ப்பது வேறொன்றை. கையில் வந்த கல்வி இடத்தை, "சேவை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி நழுவவிடுவதை எதிர்க்கிறேன். இடைநிலைப்பள்ளி முடித்தவனிடம் "ஓராண்டு படைக்குப் போய் வா, ஆறாம் படிவம் காத்திருக்கும்" என்பதையும், பட்டம் முடித்தவளிடம் "முதுகலை இருக்கட்டும், முதலில் இராணுவத்தில் சேர்" என்பதையும் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் படிப்பு ஓடத்தான் செய்கிறது, ஐயா!

மெட்ரிகுலேஷன் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டில் இந்திய மாணவர்களுக்கென 1,500 இடங்கள் ஒதுக்கப்பட்டபோது நம் சமுதாயம் எவ்வளவு மகிழ்ந்தது என்பது நினைவிருக்கும். அதற்கு முன்பும் பின்பும் அந்த எண்ணிக்கைக்காக எத்தனை மனுக்கள், எத்தனை நாளிதழ் அறிக்கைகள்! அப்படிப் பெற்ற இடத்திற்கு ஒரு பதிவு நாள் உண்டு. அந்நாளில் கல்லூரி வாசலில் பெட்டியோடு நிற்காதவனின் இடம் இன்னொருவனுக்குப் போகும். அடுத்த ஆண்டு அடுத்த ஆண்டுக்காரர்களுடையது. ஆறாம் படிவத்தின் கதையும் பெரிதும் வேறன்று. சென்ற ஆண்டின் மாணவன் என்பவன் இந்த நாட்டின் கல்வி வரிசையில் ஓர் அநாதை. அவனுக்காக யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

பழைய திட்டக் காலத்திலேயே இந்தச் சிக்கலைக் கண்டோம். முகாம்கள் ஆண்டு முழுவதும் குழு குழுவாக நடந்தன. முதற்குழுவில் பெயர் வந்த பிள்ளைக்குத் தேர்வு முடிவு வருமுன்னரோ வந்த சிறிது காலத்திலோ பயிற்சி முடிந்துவிடும். பின் குழுக்களில் பெயர் வந்தவனுக்கு, கல்லூரியும் முகாமும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். கல்வியைக் காரணம் காட்டித் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் அந்த விதி யாருக்குத் தெரிந்திருந்தது? ஆங்கிலமும் மலாயும் சரளமாக எழுதத் தெரிந்த பெற்றோர் ஒரே மாலையில் கடிதம் எழுதி முடித்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத வீட்டில், "அரசாங்கம் கூப்பிட்டிருக்கிறது, போகாவிட்டால் போலீஸ் வரும்" என்று அஞ்சிப் பிள்ளையை அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பின் அவனை ஒரு தொழிற்சாலையில் சேர்த்தார்கள். தற்காலிகமாகத்தான்! அந்தத் தற்காலிகம் இன்னும் முடியாத பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். ஓர் ஆண்டு சம்பளம் வாங்கிப் பழகிய வீடு, மறு ஆண்டு அந்தச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடிவதில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை தொடங்கியிருக்கும். தங்கையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் அவன் தலையில் ஏறியிருக்கும். இதில் யாரைக் குறை சொல்வது?

ஆகவே, ஒத்திவைப்பு என்பது எல்லார்க்கும் ஒரே விலையில் கிடைக்கும் பொருளன்று. பங்சாரில் வீடு வைத்திருப்பவரின் மகன் ஓராண்டு எங்கே போனாலும் திரும்பி வந்து தனியார் கல்லூரியில் சேர்ந்துகொள்வான். காப்பார் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு, வாழ்நாளாகவே நீளக்கூடும்.

இந்தக் கட்டத்தில் பெரியவர்கள் ஒரு வரலாற்றைக் காட்டுவார்கள். "1943இல் நேதாஜி அழைத்தபோது நம் வீட்டுப் பெண்கள் பள்ளியை விட்டுப் போகவில்லையா? அவர்களுக்கு மட்டும் படிப்பு இல்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஜான்சி ராணி படையில் சேர்ந்த மலாயாப் பெண்களைப் பற்றிப் பெருமிதம் கொள்ளாத தமிழர் இந்நாட்டில் இருக்க முடியாது. கோலாலம்பூர் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர், தம் பதின்ம வயதின் இறுதியில் அப்படையில் சேர்ந்து அதன் தலைமைப் பொறுப்புகளுள் ஒன்றை ஏற்றார். போருக்குப் பின் ம.இ.கா.வின் தொடக்க காலத்தில் பங்காற்றி, மேலவை உறுப்பினராகவும் இருந்து, 2014இல் மறைந்தார். ராசம்மா பூபாலன் தம் பதினாறாம் வயதில் சேர்ந்தார். இருவரும் பர்மா வரை சென்றவர்கள்.

ஆனால் ஐயா, 1943இல் எந்தப் படிப்பை அவர்கள் ஒத்திவைத்தார்கள்? ஜப்பானியர் ஆட்சியில் ஆங்கிலப் பள்ளிகளின் கல்வி குலைந்து கிடந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வு இல்லை. போய்ச் சேரப் பல்கலைக்கழகமும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியதே 1949இல்தான். இருந்த கல்வியை அவர்கள் விட்டுப் போகவில்லை. இல்லாமற்போன கல்வியின் இடத்தில்தான் படை வந்தது. அதன் பின் ராசம்மா என்ன செய்தார்? போர் முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பினார். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் அமைப்பதில் முன்னின்று, ஆண் ஆசிரியருக்கு இணையான ஊதியம் வேண்டுமெனப் போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். இன்று நம் ஆசிரியைகள் சம நிலைச் சம்பளம் வாங்குகிறார்கள் என்றால், அதில் அந்த அம்மையாரின் உழைப்பு இருக்கிறது. அவர் துப்பாக்கி ஏந்திய காலம் பெருமைக்குரியது, ஐயமில்லை. இந்நாட்டை மாற்றியதோ, அவர் திரும்பி வந்து பெற்ற பட்டமும் அதைக் கொண்டு செய்த பணியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அப்படையில் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களும் அதே பர்மாக் காட்டில், அதே மழையில் நடந்தவர்கள்தாம். அவர்களுள் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? திரும்பி வந்தபோது அவர்களுக்கெனக் காத்திருந்த பள்ளி எது? வீட்டில் படிப்பும் பொருளும் இருந்தவர்களுக்குச் சேவை ஓர் அத்தியாயம். அவை இல்லாதவர்களுக்கு அதற்குப் பின் எழுத ஏடே இல்லை. 1943இன் பாடம் என்று ஒன்று இருந்தால் இதுதான். பெரியவர்கள் அந்த வரலாற்றின் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

படையைப் பழிக்க இதை எழுதவில்லை. நம்மவர்கள் இந்நாட்டுப் படைகளில் ஆற்றிய பணியை நம் மாணவர்களுக்கு நாம் போதிய அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. 1971இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கையில் உயிர்நீத்து, நாட்டின் உச்ச வீர விருதான ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா பெற்ற கேப்டன் மோகன சந்திரனை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1967இல், முப்பத்தொரு வயதில், அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியான தனபாலசிங்கம் யார் என்று கேட்டால் ஆசிரியர்களுக்கே விடை தெரியாது!

தனபாலசிங்கத்தின் கதை என் வாதத்திற்கே துணை நிற்கிறது. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்து மாணவர் அவர். கடற்படை அவரை முதலில் எங்கே அனுப்பியது? இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிக்கு. சேவையின் முதற்படியே கல்வியாக இருந்தது. படித்த அதிகாரியே வேண்டும் என்பதைப் படைகள் நம்மைவிட நன்றாக அறியும். அதனால்தான் சுங்கை பீசியில் இருந்த இராணுவக் கல்விக்கழகம் 2006இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. அதனால்தான் பொதுப் பல்கலைக்கழகங்களில் பலாபெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சி நடக்கிறது. அதில் சேரும் மாணவன் பட்டப்படிப்பையும் விடுவதில்லை, பயிற்சியையும் விடுவதில்லை. இறுதியில் பட்டத்தோடு சேமப்படையின் இளநிலை அதிகாரியாகவும் வெளிவருகிறான். இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கும்போது, ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்று பிள்ளையைப் பயமுறுத்துவது எதற்காக? நம்மவர்களுக்கு இவ்வழிகளைப் பற்றித் தெரியவில்லை. தெரியாததை விசாரிப்பதை விட்டு, "போ, போய்ச் சேவை செய்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒழுங்கு பற்றியும் பேசத்தான் வேண்டும். பெரியவர்கள் மனத்தில் உண்மையில் இருப்பது அதுதான். குண்டர் கும்பல், சாலையில் மோட்டார்ப் பந்தயம், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள்... இந்தக் கவலை எனக்கும் உண்டு. கிள்ளானில் ஆசிரியராக இருந்துகொண்டு இந்தக் கவலை இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கூர்ந்து பாருங்கள். கும்பலோடு சுற்றுகிறவனைப் படை சேர்த்துக்கொள்ளுமா? குற்றப் பதிவுள்ளவனை எந்தப் படையும் எடுப்பதில்லை. அப்படியானால் யார் போவார்கள்? யார் சொல்பேச்சுக் கேட்கிறானோ அவன் போவான்! எவன் காலையில் எழுந்து பள்ளிக்குப் போனானோ, எவன் எஸ்.பி.எம்.மில் தேறிக் கையில் கடிதம் வைத்திருக்கிறானோ, அவனிடம்தான் நாம் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறோம். நோயாளி தெருவில் இருக்க, நலமாக இருப்பவனைப் பிடித்து மருந்து ஊற்றுவது போன்றது இது. தெருவில் இருப்பவனைக் காக்க வேண்டுமானால், அவன் பன்னிரண்டு வயதில் நம் பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்பில் தடுமாறும்போதே காக்க வேண்டும். அதற்குச் சாரணர் இயக்கமும் செம்பிறைச் சங்கமும் வாரம் ஒருமுறை ஒழுங்காக நடந்தாலே பாதிப் பயன் உண்டு. எத்தனை பள்ளிகளில் அது ஒழுங்காக நடக்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நாமே நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

மறுபுறத்தையும் விட்டுவைப்பதற்கில்லை. பழைய திட்டக் காலத்தில், தெரிந்த மருத்துவரிடம் பொய்ச் சான்றிதழ் வாங்கிப் பிள்ளையை முகாமிலிருந்து மீட்டவர்களும் இருந்தார்கள். "கேபல்" பிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். முகாம்களில் சில பிள்ளைகள் உயிரிழந்த செய்திகள் வந்த காலம் அது. பெற்றோரின் அச்சம் புரிகிறது. ஆயினும் நேர்மையாகத் தள்ளிவைக்கச் சட்டமே வழி தந்திருந்தபோது, பதினெட்டு வயதுப் பிள்ளையின் முதல் அரசாங்கக் கடிதத்தைப் பொய்யால் நிரப்புவது என்ன வளர்ப்பு? படிப்புக்காகத் தள்ளிவைக்கிறோம் என்றால் படிப்புக்காகவே தள்ளிவைப்போம். சோம்பலுக்காகவும் செல்லத்துக்காகவும் தள்ளிவைப்பவர்கள் என் வாதத்தைக் கடன் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டைக் காட்டுவோர்க்கும் ஒரு சொல். "சிங்கப்பூரைப் பார், எல்லாரும் ஈராண்டு சேவை செய்துவிட்டுத்தானே பல்கலைக்கழகம் போகிறார்கள்" என்கிறார்கள். உண்மை. அங்கே அதுதான் நடைமுறை. ஆனால் அங்கே ஆண்பிள்ளைகள் அனைவரும் போகிறார்கள். அமைச்சர் மகனும் போகிறான், வாடகைக் கார் ஓட்டுநர் மகனும் போகிறான். பல்கலைக்கழகமும் அவனுக்கு முன்கூட்டியே இடம் கொடுத்து, சேவை முடித்து வரும்வரை அதைக் காத்து வைத்திருக்கிறது. எல்லாரும் ஒன்றாகக் காத்திருக்கும்போது எவனும் பின்தங்குவதில்லை. இங்கோ ஒரே வகுப்பில் ஒருவன் போவான், முப்பது பேர் போகமாட்டார்கள். அவன் திரும்பும்போது முப்பது பேரும் ஒரு வகுப்பு மேலே இருப்பார்கள்.

அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறான அநீதி நடந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் கல்லூரியில் இருப்பவனுக்குப் படைச் சேவை தள்ளிவைக்கப்பட்டது. பட்டமேற்படிப்பில் இருந்தவனுக்கும் அச்சலுகை இருந்தது. படிக்க வசதியுள்ளவன் வகுப்பறையில் இருந்தான், வசதியற்றவன் போர்க்களத்தில் இருந்தான். எதிர்ப்பு வலுத்த பின்னரே, 1968இல் பட்டமேற்படிப்பு மாணவர்களுள் பெரும்பாலோர்க்கு அச்சலுகை நீக்கப்பட்டது. 1969 டிசம்பரில் குலுக்கல் முறை வந்தது. இதைச் சொல்லி என்னை மடக்குவோர் இருப்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். சேவை கட்டாயம் என்றால், படிப்பைக் காட்டி ஒரு வகுப்பார் மட்டும் தப்பிப்பது அநீதிதான். அதை நான் மறுக்கவில்லை. அதே அமெரிக்கா 1944இல் ஒரு சட்டம் இயற்றியது. போர் முடிந்து வந்த வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அரசே கொடுத்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதனால் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஒத்திவைத்த படிப்பை அரசு திருப்பித் தந்தது! "சேவை முதலில்" என்று நம்மிடம் சொல்கிறவர்கள், அப்படியொரு சட்டத்தைக் கையோடு கொண்டுவந்து காட்டட்டும். இடத்தைக் காத்து வைப்போம், கட்டணத்தை ஏற்போம் என்று எழுத்தில் தரட்டும். அன்றைக்கு முதல் ஆளாக நானே என் மாணவர்களை முகாம் வாசலில் கொண்டுபோய் விடுகிறேன்.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி தாயோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாண்டும் நம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பொதுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் முடித்திருக்கிறாள். பேராசிரியர் ஒருவர் உதவித்தொகையோடு முதுகலை ஆய்வுக்கு அழைத்திருக்கிறார். தாய்மாமன் முன்னாள் படைவீரர். அவர் சொன்னாராம்: "பட்டதாரியாக அதிகாரிப் பயிற்சிக்கு மனுப்போடு. அதற்கு வயது வரம்பு இருக்கிறது. படிப்புக்கு வயது வரம்பு கிடையாது."

இத்தனை காலம் நான் கேட்ட வாதங்களிலேயே மிகக் கூர்மையான வாதம் இது. எளிதில் தள்ளிவிட முடியாது. படைக்கு வயது வரம்பு உண்டு, உண்மைதான். "மாமா சொல்றது தப்பாங்க ஐயா?" என்று அவள் கேட்டபோது, தப்பு என்று நான் சொல்லவில்லை. "மாமா எதுவும் சொல்லியிருக்காவிட்டால், உனக்காகவே நீ படையில் சேர நினைத்திருப்பாயா?" என்று மட்டும் கேட்டேன். அவள் தலைகுனிந்தாள். தாய்தான் பதில் சொன்னார்: "அப்பாவுக்கு முதுகு சரியில்லைங்க ஐயா. லோரி ஓட்ட முடியல. மாசம் சம்பளம் வந்தா நல்லாருக்கும்னுதான்..."

பாருங்கள், இதுதான் உண்மை. சேவை என்ற சொல்லுக்குள் சம்பளம் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்குச் சம்பளம் வேண்டும் என்றால் சம்பளம் என்றே பேசுவோம். அப்போது வேறு வழிகள் கண்ணுக்குத் தெரியும். ஆய்வு உதவித்தொகை எவ்வளவு, மாலையில் துணைப்பாட வகுப்பு எடுத்தால் எவ்வளவு, தம்பி எப்போது படித்து முடிப்பான், தந்தைக்குச் சொக்சோவில் ஏதேனும் கிடைக்குமா என்று தாளில் எழுதிக் கணக்குப் பார்க்கலாம். அன்றிரவு அதைத்தான் செய்தோம். நாட்டுப்பற்று என்ற பெயரில் பேசத் தொடங்கினால் அந்தக் கணக்கை யாரும் போடமாட்டார்கள். மகளும் தியாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தை விட்டுப் போவாள்.

படை வாழ்க்கையையே தன் வாழ்க்கையாகத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு தடையும் இல்லை. அவன் படிப்பை ஒத்திவைக்கவில்லை. வேறொரு பாதையை எடுக்கிறான். அவனை ஆரத்தி எடுத்து அனுப்புவோம். வயது வரம்பு வாதம் அவனுக்குப் பொருந்தும். "சும்மா இரண்டு மூன்று ஆண்டு போய் வருகிறேன், பிறகு படிக்கிறேன்" என்கிறவனுக்குப் பொருந்தாது. படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று மாமன் சொன்னதிலும் பாதிதான் உண்மை. உதவித்தொகைகளுக்கு வயது வரம்பு உண்டு. பேராசிரியரின் ஆய்வு நிதிக்குக் கால வரம்பு உண்டு. ஒரு பெண்ணுக்குத் திருமணம், குழந்தை என்று நம் சமுதாயம் வைத்திருக்கும் எழுதப்படாத வரம்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை மற்ற இனத்தாரோடு கலக்கவில்லை, ஆகவே முகாமுக்கு அனுப்பி நம் நாட்டுப்பற்றைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். 1970இல் ருக்குன் நெகாரா பிறந்த நாள்முதல் நம் பள்ளிகளில் ஒவ்வொரு சபைகூடலிலும் அதைச் சொல்லி வருகிறோம். நம் முன்னோர் இந்நாட்டின் தண்டவாளத்தையும் சாலையையும் போட்டவர்கள். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் இரயில்வே குடியிருப்புகள் இருந்ததை நினைவுகொள்ளும் எவரிடமும் நம் விசுவாசத்திற்குச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. ஒரு மெட்ரிகுலேஷன் இடத்தை இழந்து அதை நிறுவ வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டோடு நம் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இடைநிலைப்பள்ளி வழிகாட்டி ஆசிரியரைவிட, தமிழில் பேசும் உங்களைத்தான் நம் பெற்றோர் நம்பி வருகிறார்கள். முகாம் அழைப்போ கல்லூரி அழைப்போ வந்தால், கடிதத்தில் பதிவு நாள் எது, பதில் அனுப்ப இறுதி நாள் எது, தள்ளிவைக்க விண்ணப்பிக்க வழி உண்டா என்பதை அவர்களோடு உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள். இரண்டு கடிதங்களும் ஒரே காலத்தில் வந்தால், முதலில் கல்வி இடத்தை ஏற்று உறுதிப்படுத்தச் செய்யுங்கள். அதன் நகலை இணைத்து, முகாமைத் தள்ளிவைக்குமாறு மலாய்மொழியில் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தில் எவரேனும் "பரவாயில்லை, இடம் இருக்கும், அடுத்த ஆண்டு வரலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதை நம்பித் திரும்பிவிட வேண்டாம். முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளில் அதை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். தரும்வரை முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள்.